போனவர் மாதிரி மட்டும் வேண்டாம்!

விளையாட்டு கேள்வி - பதில்

போன இதழில் 'பேஸ்பால் மேனேஜருக்கு என்ன வேலை?' என்ற கேள்விக்கு நாலே வரியில் பதில் சொல்லி நழுவிவிட்டேன். "பாஸ்டனில் அத்தனை வருஷம் குப்பை கொட்டிவிட்டு நாலு வரிதானா?" என்று கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே இந்த இதழ் முழுக்க அதுதான். கிரிக்கெட், கபடி கேள்வி அனுப்பியவர்கள் ஒரு இதழ் பொறுத்தருள்க.

கே: சீசன் முடிந்தால் போதும், என் மகனும் அவன் நண்பர்களும் 'அடுத்த மேனேஜர் யார்' என்று எங்கள் வீட்டுக் கூடத்திலேயே அடித்துக்கொள்கிறார்கள். ஆடுவது ஆட்டக்காரர்கள். மேனேஜர் யாராக இருந்தால் என்ன?
- எஸ்.வி., எடிசன், நியூ ஜெர்சி

ப: அம்மா, உங்கள் மகன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கிரிக்கெட்டில் பவுலரை மாற்றுவது கேப்டன். அவரும் மைதானத்தில் நிற்கிறார், ரன் அடிக்கிறார், கேட்ச் விடுகிறார். பேஸ்பாலில் அந்த அதிகாரம் மேனேஜரிடம். டக்அவுட் (ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம்) படியில் காலை வைத்துக்கொண்டு சூரியகாந்தி விதையை மென்று துப்பிக்கொண்டிருக்கும் அந்த மனிதர் பேட்டையும் தொடுவதில்லை, பந்தையும் தொடுவதில்லை. யார் ஆடுவது, எந்த வரிசையில் பேட் செய்வது, பந்து வீசும் பிட்சரை எப்போது வெளியே எடுப்பது என்று முடிவெடுக்கிறார். ஒருவரை ஒரு தடவை வெளியே எடுத்துவிட்டால் அந்த ஆட்டத்தில் அவர் திரும்ப வர முடியாது. பும்ராவுக்கு ரெண்டு ஓவர் ஓய்வு கொடுத்துவிட்டுக் கடைசியில் கூப்பிடுகிற வசதியெல்லாம் இங்கே கிடையாது. இப்படி ஆறு மாதத்தில் 162 ஆட்டம். ஏறக்குறைய தினமும் அந்த மனிதர் ஒரு முடிவெடுப்பதையும், அது பலிப்பதையோ பல்லிளிப்பதையோ ரசிகன் பார்க்கிறான். ஆறு மாதம் இப்படிப் பார்த்தவனுக்கு அபிப்பிராயம் இல்லாமல் இருக்குமா?

நான் பாஸ்டனுக்குத் தெற்கே குவின்ஸியில் குடியிருந்தபோது, காரில் ஆபீஸ் போகும் வழியெல்லாம் டபிள்யூ.இ.இ.ஐ. என்ற விளையாட்டு ரேடியோதான். காலையிலேயே யாராவது ஒரு பிளம்பரோ பள்ளி வாத்தியாரோ போன் போட்டு, பாஸ்டன் அணியான ரெட் சாக்ஸின் மேனேஜர் நேற்று ஏழாவது இன்னிங்ஸில் என்ன செய்திருக்க வேண்டும் என்று பாடம் எடுப்பார்கள். பாதிப் பேர் சொன்னது சரியாகவே இருக்கும்.

ஆனால் அடுத்த மேனேஜர் யார் என்ற பேச்சு வந்ததும் அந்தப் புத்தி எங்கோ போய்விடும். மூத்த மாப்பிள்ளை குடிகாரர் என்றால் இளைய பெண்ணுக்குக் காபி கூடக் குடிக்காத மாப்பிள்ளை தேடுவோமே, அந்தக் கதைதான். போனவர் சாதுவா, அடுத்தவர் கண்டிப்பானவராக இருக்க வேண்டும். போனவர் உள்ளுணர்வை நம்பினாரா, அடுத்தவர் கணக்கு தெரிந்தவராக வேண்டும். வேலைக்கு என்ன தேவை என்று யாரும் பட்டியல் போடுவதில்லை. போனவரிடம் எது பிடிக்கவில்லை என்ற பட்டியல்தான் கையில் இருக்கும். உங்கள் மகனிடம் அவன் சொல்லும் பெயரைக் கேளுங்கள். பிறகு போன மேனேஜர் எப்படிப்பட்டவர் என்றும் கேளுங்கள். நான் சொல்வது புரியும்.

கே: 2003ல் கிரேடி லிட்டில் என்ற மேனேஜரை பாஸ்டன் ரசிகர்கள் விரட்டியதாகப் படித்தேன். அந்த சீசனில் 95 ஆட்டம் ஜெயித்தவரை யாராவது விரட்டுவார்களா?
- கே.ஆர்., கோயம்புத்தூர்

ப: அதற்கு முந்தைய வருஷம் 93. இரண்டையும் கூட்டினால் 188. ஆனால் 2003 அக்டோபர் 16ஆம் தேதி ராத்திரி ஒரே ஒரு இன்னிங்ஸ் அத்தனையையும் சாப்பிட்டுவிட்டது.

ரெட் சாக்ஸ் அதற்குமுன் கடைசியாக உலகத் தொடரை, அதாவது சீசனின் இறுதிக் கோப்பையை, ஜெயித்தது 1918ல். 2003ல் உலகத் தொடருக்குப் போகும் தகுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம், பரம வைரி நியூயார்க் யாங்கீஸின் சொந்த மைதானத்தில். மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் ஏழு முடிந்தபோது பாஸ்டனின் பிட்சர் பெட்ரோ மார்ட்டினெஸ் 100 பந்து வீசியிருந்தார். வேலை முடிந்தது என்று அவர் வானத்தைப் பார்த்துக் கையைக் காட்டினார், டக்அவுட்டில் எல்லோரும் கட்டிப் பிடித்தார்கள். பாஸ்டனின் டேவிட் ஓர்ட்டிஸ் ஒரு ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்து முன்னிலையை 5-2 ஆக்கினார். இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஆக இனி ஆறு அவுட் போதும். பெட்ரோ நூறு பந்தைத் தாண்டினால் தளர்ந்துவிடுவார் என்பது அணியின் கணக்குப் பிரிவுக்கும் தெரியும், என் அபார்ட்மெண்டுக்குக் கீழ்வீட்டில் இருந்த பஸ் டிரைவருக்கும் தெரியும். மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னில் எம்ப்ரியும் டிம்லினும் அந்த மாதம் முழுக்க அற்புதமாக வீசியிருந்தார்கள்.

எட்டாவது இன்னிங்ஸில் திரும்பவும் பெட்ரோவே வந்தார். முதல் ஆள் அவுட். ஜீட்டர் டபுள், அதாவது ஒரே அடியில் இரண்டாவது பேஸ் வரை ஓட்டம். பெர்னி வில்லியம்ஸ் சிங்கிள், 5-3. லிட்டில் நிதானமாக நடந்து, பிட்சர் நிற்கும் மவுண்டுக்கு வந்தார். அடுத்து வருபவர் இடதுகை பேட்டர் மாட்சுயி, எம்ப்ரி இடதுகை பிட்சர், இடதுகைக்கு இடதுகையே மருந்து. இதைவிடச் சுலபமான கேள்வித்தாள் எந்த மேனேஜருக்கும் வராது. லிட்டில் பெட்ரோவிடம் முடியுமா என்று கேட்டார், முடியும் என்றார் பெட்ரோ. அவ்வளவுதான், அவரை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

எந்தப் பெரிய பிட்சர் 'என்னால் முடியாது' என்று சொல்லியிருக்கிறார்? மாட்சுயி டபுள். பொசாடா டபுள். 5-5. பெட்ரோ வெளியே போகும்போது கணக்கு 123 பந்து. பதினொன்றாவது இன்னிங்ஸில் யாங்கீஸின் ஆரன் பூன் என்பவர் ஹோம் ரன் அடிக்க, கதை முடிந்தது.

மறுநாள் ஆபீஸில் என் பக்கத்து கேபின்காரர், அறுபதை நெருங்கிய ஐரிஷ் வம்சத்து மனிதர், காபி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "எங்கப்பா இதைப் பார்க்காம செத்தாரே, கொடுத்து வெச்சவர்." அக்டோபர் 27ஆம் தேதி லிட்டிலின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று அணி அறிவித்தது. அந்த ஒரு ஆட்டத்துக்காக அனுப்பவில்லை என்றுதான் நிர்வாகம் சொன்னது. நம்பியவர்கள் யாரையும் நான் பார்க்கவில்லை.

என் கட்சி: அனுப்பியது சரி. பெட்ரோவை விட்டுவைத்ததற்காகக்கூட இல்லை. முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் முடிவை ஆட்டக்காரரிடமே கேட்டதற்காக.

கே: அவருக்குப் பதில் டெர்ரி பிரான்கோனா எப்படி வந்தார்? அவர் அதற்குமுன் தோல்வி அடைந்த மேனேஜர் என்கிறார்களே?
- என்.ஜி., திருச்சி

ப: எங்கள் ஆபீஸ் சாப்பாட்டு அறையில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. இந்த வாரம் பிரிட்ஜை யார் சுத்தம் செய்வது என்று எழுதிவைக்கிற பலகை. லிட்டில் போன வாரத்தில் யாரோ அதை அழித்துவிட்டு 'அடுத்த மேனேஜர்?' என்று எழுதி, கீழே நாலு பெயர். பேட்டிக்கு வந்ததாகப் பத்திரிகையில் அடிபட்ட அதே நாலு பேர். ஏஞ்சல்ஸ் அணியின் பெஞ்ச் கோச் (மேனேஜரின் வலதுகை) ஜோ மேடன், டாட்ஜர்ஸின் கோச் கிளென் ஹாஃப்மன், டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் கோச் டிமார்லோ ஹேல், ஓக்லண்டின் பெஞ்ச் கோச் பிரான்கோனா. பக்கத்தில் கோடு கோடாக ஓட்டு. ரெண்டு நாளில் ஐந்தாவதாக ஜெர்ரி ரெமி பெயரும் சேர்ந்துவிட்டது. அவர் டி.வி. வர்ணனையாளர், பழைய ரெட் சாக்ஸ் ஆட்டக்காரர், பக்கத்து ஊர் ஃபால் ரிவரில் பிறந்தவர். மேனேஜராக வர அவர் கேட்கவும் இல்லை, யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை. அதனாலென்ன? பலகையில் அவருக்குத்தான் ஓட்டு குவிந்தது. உள்ளூர்ப் பாசம்!

பிரான்கோனாவுக்கு ஓட்டு ரொம்பக் குறைச்சல். 1997 முதல் 2000 வரை பிலடெல்பியா பில்லீஸின் மேனேஜராக இருந்தார். நாலு வருஷமும் ஜெயித்ததைவிடத் தோற்ற ஆட்டங்கள்தான் அதிகம். அந்த ஊர் ரசிகர்கள் தன் கார் டயரைக் கிழித்தார்கள் என்று அவரே பிற்பாடு சிரித்துக்கொண்டே சொல்வார். "அவங்க வேண்டாம்னு தூக்கிப் போட்டதை நாம எடுக்கிறதா?" என்பதுதான் காபி மெஷின் பக்கத்து வாதம். இன்னொரு வாதம், 'கர்ட் ஷில்லிங்கை இழுக்கத்தான் இந்த ஆள்' என்பது. ஷில்லிங் பெரிய பிட்சர். பிலடெல்பியாவில் பிரான்கோனாவிடம் ஆடியவர், அவர் மேல் மரியாதை உள்ளவர். 2003 நவம்பர் கடைசியில் ஷில்லிங் வந்தார், டிசம்பர் முதல் வாரத்தில் பிரான்கோனா வந்தார். முடிச்சுப் போட யாருக்கும் கஷ்டமாக இல்லை.

ஆட்டக்காரர்களையும் மேனேஜரையும் வேலைக்கு எடுக்கும் ஜெனரல் மேனேஜர் தியோ எப்ஸ்டைனுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. பேட்டிக்கு வந்தவர்களிடம் 'உங்கள் கொள்கை என்ன' என்று கேட்டு உட்கார்ந்திருக்காமல், ஆட்டத்தின் சிக்கலான கட்டங்களைக் காட்டி, இந்த நிலையில் என்ன செய்வீர்கள், ஏன் என்று கேட்டார்களாம். ரேடியோவில் போன் போட்ட ஒருவர்கூட எழுப்பாத கேள்வி இது. போன் போட்டவர்களுக்கு வேண்டியது லிட்டிலுக்கு நேர் எதிரான ஒரு கணக்கு மேதை. பிரான்கோனா அப்படிப்பட்டவரே இல்லை. அப்பாவும் பேஸ்பால் ஆட்டக்காரர், லாக்கர் ரூமிலேயே வளர்ந்தவர். 1994ல் பர்மிங்ஹாம் பாரன்ஸ் என்ற சின்ன அணிக்கு மேனேஜராக இருந்தபோது, கூடைப்பந்தை விட்டுவிட்டு பேஸ்பால் ஆட வந்த மைக்கேல் ஜோர்டனையே கட்டி மேய்த்தவர். கணக்குப் பிரிவு தரும் தாளையும் படிப்பார், அந்தத் தாளைப் பார்த்து முறைக்கிற ஆட்டக்காரனோடு உட்கார்ந்து சீட்டும் ஆடுவார். ரெண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்கத் தெரிந்த ஆள். அதற்குத்தான் சம்பளம்.

2004 அக்டோபரில் அதே யாங்கீஸ். மூன்று ஆட்டம் வரிசையாகத் தோல்வி, மூன்றாவதில் 19-8. அன்றைக்கு ரேடியோவில் பிரான்கோனாவுக்கு நடந்த அர்ச்சனையை இங்கே அச்சிட முடியாது. மறுநாள் நாலாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-3 என்று ரெட் சாக்ஸ் பின்னால். எதிரே மரியானோ ரிவேரா. அவரைவிடச் சிறந்த குளோசர் (கடைசியில் வந்து ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சர்) பிறக்கவில்லை. மில்லார், ரிவேரா தவறாக வீசிய நாலு பந்துகளால் இலவசமாக முதல் பேஸுக்குப் போனதும், அவருக்குப் பதிலாக ஓட டேவ் ராபர்ட்ஸை அனுப்பினார் பிரான்கோனா. பந்து அடிபடுமுன்பே அடுத்த பேஸுக்கு ஓடி அதைத் 'திருட'த்தான் வந்திருக்கிறார் என்று மைதானத்தில் பாப்கார்ன் விற்பவருக்கும் தெரியும். ரிவேரா மூன்று தடவை முதல் பேஸுக்கே எறிந்து மிரட்டினார். நாலாவதாக பேட்டருக்கு வீசிய முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் ஓடினார், நூலிழையில் தப்பினார். முல்லர் சிங்கிள், ஸ்கோர் சமம். நள்ளிரவு தாண்டி ஓர்ட்டிஸ் ஹோம் ரன். அதற்குப் பிறகு அந்த அக்டோபரில் ரெட் சாக்ஸ் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 86 வருஷக் காத்திருப்பு அக்டோபர் 27ஆம் தேதி ராத்திரி சந்திர கிரகணத்தோடு முடிந்தது. 2007ல் இன்னொரு கோப்பை.

வெள்ளைப் பலகையில் அப்போது மறுபடியும் பிரிட்ஜ் முறைதான் எழுதியிருந்தது.

கே: ரசிகர்களே ஓட்டுப் போட்டு மேனேஜரைத் தேர்ந்தெடுத்தால் என்ன?
- பி.எம்., சீர்காழி

ப: 1995 கடைசியில் நியூயார்க் யாங்கீஸ் ஜோ டோரியை மேனேஜராக்கியது. மெட்ஸ், பிரேவ்ஸ், கார்டினல்ஸ் என்று மூன்று அணிகள் அவரை ஏற்கனவே அனுப்பியிருந்தன. 'ஒன்றும் தெரியாத ஜோ' என்கிற பொருளில் ஒரு நியூயார்க் பத்திரிகை கொட்டை எழுத்தில் தலைப்பே போட்டது. 1996, 98, 99, 2000 நாலு வருஷமும் கோப்பை அவருக்கு. ஓட்டெடுப்பு வைத்திருந்தால் டெபாசிட் போயிருக்கும்.

கே: அவ்வளவு ஜெயித்த பிரான்கோனாவை 2011ல் ஏன் அனுப்பினார்கள்? வறுத்த கோழிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டாமே!
- ஜே.எஸ்., நாகர்கோவில்

ப: உண்டு, கூடவே பீரும்! 2011 செப்டம்பர் ஆரம்பத்தில், அடுத்த சுற்றுக்குப் போகும் கடைசி இடத்துக்கான போட்டியில், ரெட் சாக்ஸ் டாம்பா பேவைவிட ஒன்பது ஆட்டம் முன்னிலையில் இருந்தது. அந்த மாதம் ஜெயித்தது 7, தோற்றது 20. கடைசி நாளில் பால்டிமோரில் ஒன்பதாவது இன்னிங்ஸில் கோட்டை விட்டார்கள். சில நிமிஷத்திலேயே புளோரிடாவில் டாம்பா பே ரேஸின் லொங்கோரியா ஹோம் ரன் அடித்து, ரெட் சாக்ஸை வீட்டுக்கு அனுப்பினார். ரெண்டு நாளில் பிரான்கோனா வெளியே. அதற்குப் பிறகு பத்திரிகையில் வந்தது அந்தச் செய்தி: தங்கள் முறை இல்லாத நாட்களில் பிட்சர்கள் சிலர் ஆட்டம் நடக்கும்போதே உள்ளே உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டு கோழி தின்றார்கள் என்று.

ஊரே கொதித்தது. 'செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார், சாட்டை எடுக்கிற ஆள் வேண்டும்' என்று ஒரே கோரஸ். ஜெயித்த எட்டு வருஷமும் எந்தக் குணத்தை 'ஆட்டக்காரர்களின் தோழன்' என்று புகழ்ந்தார்களோ, அதே குணம்தான்.

எப்ஸ்டைன் சிகாகோ கப்ஸுக்குப் போய்விட்டார். புது ஜெனரல் மேனேஜர் செரிங்டன் மனதில் இருந்தவர் டேல் ஸ்வேம். மேலிடம் அவரைத் தாண்டி பாபி வாலன்டைனைக் கொண்டுவந்தது. வாலன்டைன் முட்டாள் இல்லை. 2000ல் மெட்ஸை உலகத் தொடருக்குக் கொண்டுபோனவர், ஜப்பானில் 2005ல் சிபா லோட்டே அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். 1999ல் அம்பயர் வெளியே அனுப்பிய பிறகு ஒட்டு மீசையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு டக்அவுட்டுக்கே திரும்பி வந்து நின்ற மகானுபாவர். பொழுதுபோக்குக்குக் குறைவில்லை. ஆனால் வேலைக்கு எடுத்த காரணம் ஒன்றுதான், 'இவர் பிரான்கோனா இல்லை'.

வந்ததும் லாக்கர் ரூமில் பீருக்குத் தடை. ரேடியோவில் ஒரே பாராட்டு. ஏப்ரல் மாதமே வாலன்டைன், தன் ஆட்டக்காரர் கெவின் யூகிலிஸ் முன்போல உடம்பாலும் மனதாலும் ஈடுபாட்டோடு ஆடவில்லை என்று டி.வி.யில் சொன்னார். மறுநாளே அணியின் முதுகெலும்பான பெட்ரோயா, இங்கே நாங்கள் இப்படிச் செய்வதில்லை என்று நிருபர்களிடமே சொன்னார். மேனேஜரின் கதை அன்றைக்கே முடிந்தது, மீதி ஐந்து மாதம் வெறும் நாள் கடத்தல். ஆகஸ்டில் முக்கியமான நாலு பேரை டாட்ஜர்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள். 69 வெற்றி, 93 தோல்வி, கடைசி இடம். சீசன் முடிந்த மறுநாள் வாலன்டைன் வீட்டுக்குப் போனார். கண்டிப்பானவர் வந்தால் ஒழுங்கு வரும் என்பது ஹெட்மாஸ்டர் கணக்கு. வருஷத்துக்குக் கோடி டாலர் வாங்குகிறவன் பெஞ்சு மேல் ஏறச் சொன்னால் ஏறுவானா?

கே: எங்கட புளூ ஜேஸ் மேனேஜர் ஜோன் ஃபாரலை நீங்கள் களவாடிக்கொண்டு போனதைப் பற்றி எழுத உங்களுக்கு மனம் வருமோ?
- த.பா., ஸ்காபரோ, கனடா

ப: மனம் வரும், வெட்கமும் வரும். ஃபாரல் பிரான்கோனாவிடம் நாலு வருஷம் பிட்சிங் கோச். டொராண்டோ புளூ ஜேஸுக்கு மேனேஜராகப் போயும் பாஸ்டன் மேல் ஒரு கண். 2012 அக்டோபரில் மைக் அவிலஸ் என்ற ஆட்டக்காரரை உங்களிடம் கொடுத்துவிட்டு மேனேஜரை வாங்கி வந்தார்கள். பண்டமாற்றில் மேனேஜர்! 2013ல் அதே கடைசி இட அணி 97 ஆட்டம் ஜெயித்துக் கோப்பையும் வாங்கியது. 1918க்குப் பிறகு சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கிலேயே கோப்பை ஜெயித்தது அன்றுதான். பாஸ்டன் மராத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்த வருஷம் அது, ஊருக்கு அந்த வெற்றி ரொம்பவும் தேவையாக இருந்தது.

கவனித்தீர்களா? வாலன்டைனுக்கு எதிர்ப்பதமாகத் தேடிப்போனவர்கள் பிரான்கோனாவின் சாயலில் போய் நின்றார்கள்.

உங்களுக்கும் பெரிய நஷ்டம் இல்லை. நீங்கள் பழைய ஜான் கிப்பன்ஸையே திரும்பக் கூப்பிட்டீர்கள், 2015லும் 2016லும் உலகத் தொடருக்கு ஒரு படி கீழே வரை கொண்டுபோனார். 2025ல் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் உங்களை வென்ற டாட்ஜர்ஸின் மேனேஜர் யார் தெரியுமில்லையா? 2004ல் ரிவேரா கண்ணெதிரே இரண்டாவது பேஸைத் திருடிய அந்த டேவ் ராபர்ட்ஸ். களவுக்கும் உங்களுக்கும் ஏதோ பூர்வஜென்மத் தொடர்பு!

கே: 2003ல் பாஸ்டன் வேண்டாம் என்று விட்ட ஜோ மேடன் என்ன ஆனார்?
- எல்.கே., சேலம்

ப: டாம்பா பே ரேஸுக்கு மேனேஜரானார். 2008ல் ரெட் சாக்ஸை ஏழு ஆட்டத்தில் வென்று உலகத் தொடருக்குப் போனார். 2011ல் அந்தக் கடைசி நாள் ராத்திரி ரெட் சாக்ஸை வெளியேற்றிய ரேஸின் மேனேஜரும் அவரேதான். பிரான்கோனாவின் வேலை போனதில் மேடனுக்கும் பங்கு உண்டு.

இதோடு நிற்கவில்லை. 2016 உலகத் தொடரில் சிகாகோ கப்ஸும் கிளீவ்லாண்டும் மோதின. கப்ஸ் மேனேஜர் மேடன், கிளீவ்லாண்ட் மேனேஜர் பிரான்கோனா. கப்ஸ் நிர்வாகத்தின் தலைவர் எப்ஸ்டைன். 2003ல் பாஸ்டனில் பேட்டி எடுத்தவரும், வேலை கிடைத்தவரும், கிடைக்காதவரும் ஒரே மைதானத்தில்! ஏழாவது ஆட்டத்தில் நன்றாக வீசிக்கொண்டிருந்த பிட்சர் ஹென்ட்ரிக்ஸை மேடன் ஐந்தாவது இன்னிங்ஸிலேயே எடுத்தார். எட்டாவதில் களைத்துப்போயிருந்த சாப்மன் ஹோம் ரன் வாங்கி ஸ்கோர் சமமானது. 17 நிமிஷம் மழை வந்து ஆட்டம் நின்றது. பத்தாவது இன்னிங்ஸில் கப்ஸ் 8-7 என்று ஜெயித்தது, 108 வருஷத்துக்குப் பிறகு. தோற்றிருந்தால் மேடன் சிகாகோவின் கிரேடி லிட்டில். ஜெயித்ததால் சிலை வைக்காத குறை. இருந்தும் ஹென்ட்ரிக்ஸை ஏன் எடுத்தார் என்று சிகாகோக்காரர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு சாயங்காலம் போய்விடும்.

கே: ஆட்டத்தில் ஏமாற்றிய விவகாரத்தில் சிக்கிய அலெக்ஸ் கோராவை ரெட் சாக்ஸ் திரும்ப எடுத்தது சரியா?
- எம்.ஏ., காயல்பட்டினம்

ப: சரியில்லை. ஆஸ்ட்ரோஸ் அணி 2017ல் எதிரணி கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) அடுத்த பந்து என்ன என்று பிட்சருக்குக் காட்டும் சைகையைக் கேமராவில் பார்த்து, குப்பைத் தொட்டியைத் தட்டி பேட்டருக்குச் சொன்னபோது கோரா அங்கே பெஞ்ச் கோச். 2018ல் ரெட் சாக்ஸுக்கு 108 வெற்றியும் கோப்பையும் வாங்கித் தந்தார் என்பதால் அந்தக் குப்பைத் தொட்டி வெள்ளித் தட்டு ஆகிவிடாது. 2020 சீசன் முழுக்கத் தடை. தடை முடிந்த கையோடு அதே நாற்காலி. ரசிகர்களில் பெரும்பாலோர் மாலையோடு நின்றார்கள். ஜெயிக்கிற மேனேஜரின் குற்றப்பத்திரிகையை யாரும் கடைசிப் பக்கம் வரை படிப்பதில்லை.

கே: இப்போது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. மேனேஜர் வெறும் பொம்மைதானே? பொம்மைக்கு ஏன் இத்தனை சண்டை?
- ஆர்.டி., பெங்களூரு

ப: 2020 உலகத் தொடர், ஆறாவது ஆட்டம். டாம்பா பே ரேஸ் 1-0 முன்னிலை. அதன் பிட்சர் பிளேக் ஸ்னெல் 73 பந்துதான் வீசியிருந்தார், ஒன்பது பேரை ஸ்டிரைக் அவுட் செய்திருந்தார், டாட்ஜர்ஸ் பேட்டர்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். ஆறாவது இன்னிங்ஸில் ஒரே ஒரு சிங்கிள் விழுந்ததும் மேனேஜர் கெவின் கேஷ் வந்து அவரை எடுத்துவிட்டார். பேட்டர்கள் ஒரு பிட்சரை மூன்றாவது தடவை சந்திக்கும்போது வெளுப்பார்கள் என்பது கணக்கு. எதிர் டக்அவுட்டில் டாட்ஜர்ஸ்காரர்களின் முகத்தில் அத்தனை சந்தோஷம். அடுத்த பேட்டர் மூக்கி பெட்ஸ் டபுள் அடித்தார். அந்த இன்னிங்ஸிலேயே முன்னிலை போனது, ராத்திரிக்குள் தொடரும் போனது.

லிட்டில் கணக்கைப் பார்க்காமல் பிட்சரை விட்டுவைத்தார், திட்டினார்கள். கேஷ் கணக்கைப் பார்த்து எடுத்தார், அவரையும் திட்டினார்கள். லிட்டிலுக்கு வேலை போனது. கேஷுக்குப் போகவில்லை, அந்த வருஷமும் அடுத்த வருஷமும் சிறந்த மேனேஜர் விருதுகூடக் கிடைத்தது. காரணம் எளிது. லிட்டிலுடையது அவர் தனி முடிவு. கேஷுடையது நிர்வாகமும் சேர்ந்து வகுத்த முடிவு. பொம்மை என்பது முழுக்கச் சரியில்லை. வருஷம் முழுக்க இருபத்தாறு பேரோடு பயணம் செய்து, ஃபார்மில் இல்லாதவனிடம் நாளைக்கு நீ உட்கார் என்று முகம் பார்த்துச் சொல்ல கம்ப்யூட்டர் வராது. ஆனால் அந்த வேலையை ரசிகன் பார்ப்பதே இல்லை. அவன் கண்ணில் படுவது பிட்சரை மாற்றும் அந்த நடை மட்டும்தான். அதற்காகச் சண்டை போடுகிறான், போடட்டும்.

இன்னொன்று. 2003ல் அந்த ஹோம் ரன் அடித்து லிட்டிலின் வேலைக்கு உலை வைத்த ஆரன் பூன், 2017 கடைசியில் யாங்கீஸ் மேனேஜரானார். அதற்குமுன் ஒரு நாள்கூட எந்த அணிக்கும் மேனேஜராக இருந்ததில்லை. அவரை மாற்றச் சொல்லி நியூயார்க்கில் வருஷா வருஷம் நடக்கும் சண்டையை பாஸ்டன்காரர்கள் பரம திருப்தியோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கே: கால்பந்து மேனேஜர் கோட்டு சூட்டில் நிற்கிறார். பேஸ்பால் மேனேஜர் மட்டும் ஏன், தொப்பையை மறைக்க முடியாமல், ஆட்டக்காரர் சீருடையிலேயே திரிகிறார்?
- வி.சி., மயிலாப்பூர்

ப: அந்தக் காலத்தில் பல அணிகளில் மேனேஜரே ஆட்டக்காரராகவும் இருந்தார். ஆட்டம் நின்றும் உடுப்பு நிற்கவில்லை. பிரான்கோனாவுக்கு அது பிடிக்காது, எப்போதும் மேலே ஒரு கம்பளிச் சட்டை. 2007ல் யாங்கி ஸ்டேடியத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, உள்ளே சீருடை போட்டிருக்கிறாரா என்று பார்க்க லீக் ஒரு ஆளை டக்அவுட்டுக்கு அனுப்பியது. மனிதர் கடுப்பாகிவிட்டார்.

கோட்டு, டை, விறைப்பான காலரோடு உட்கார்ந்தவரும் உண்டு. பிலடெல்பியா அத்லெடிக்ஸின் கானி மேக், 1901 முதல் 1950 வரை தொடர்ந்து 50 சீசன் மேனேஜர். ஐந்து தடவை உலகத் தொடரை ஜெயித்தார். ஆனால் மொத்தக் கணக்கில் 3,731 ஆட்டம் ஜெயித்து, 3,948 ஆட்டம் தோற்றவர். அடுத்த மேனேஜர் யார் என்று பிலடெல்பியா ரசிகர்கள் எவ்வளவு கத்தியும் பலன் இல்லை. அணியில் பெரிய பங்கே அவருடையது.